கிண்ணத்தில் பட்ட முனை

மார்ச் 4

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நான் கேப்டனின் கணவன். வாள்வீச்சுப் போட்டிகளில் சோதனை மேசையில் என்னைப் பார்த்திருப்பீர்கள். வாள்களை வாங்கி, மீட்டர் வைத்துச் சோதித்து, முத்திரை குத்தித் திருப்பித் தருபவன். நீங்கள் என்னிடம் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறீர்கள். "சீக்கிரம் ஆகட்டும்" என்றீர்கள்.

உங்கள் கிளினிக்குக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் எடுத்த பெண் "எந்தப் பல்லுங்க?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. வெள்ளத்தின்போது அவளுடைய படைப்பிரிவு தற்காலிகப் பாலம் போடப் போனது. படகு கவிழ்ந்தது. கூட இருந்த ஐந்து பேர் கரை ஏறினார்கள். பேப்பரில் வந்தது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ராணுவத்திலிருந்து வந்த இரும்புப் பெட்டியை முதல் மாதமே திறந்து, பட்டியல் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன். வாள் பையை மட்டும் அலமாரி மேலே வைத்திருந்தேன். போன வாரம் அதையும் இறக்கினேன்.

பையில் ஒரு நோட்டு இருந்தது. ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ராணுவ அறிக்கை போல ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். எதிரி, பலம், பலவீனம், கருவிகளின் நிலை, முடிவு, பாடம். கடைசிப் பக்கம் போன ஜூன் மாதம் உங்களோடு ஆடிய இறுதி ஆட்டம். ஜெயிப்பவர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம் என்றிருந்த ஆட்டம். அதில் இப்படி இருக்கிறது: "எதிரி: குறடு. பலம்: அவசரமே இல்லாதவள் போல நடிப்பு. பலவீனம்: உண்மையில் அவசரம். கருவிகளின் நிலை: குறை ஒன்றுமில்லை. முடிவு: 14-15." குறடு என்பது நீங்கள்தான் என்று தேதியை வைத்துக் கண்டுபிடித்தேன். மன்னிக்கவும். பாடம் என்ற இடம் காலியாக இருக்கிறது.

அதே பையில் அவளுடைய உதிரி வாளும் இருந்தது. கையைக் காக்கும் எஃகுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுவதும் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருக்கிறது. அவள்தான் தேய்த்திருக்கிறாள். ராணுவக்காரர்கள் பூட்ஸ் துடைப்பது போல, சுற்றிச் சுற்றி, ஓரம் விடாமல்.

குறை ஒன்றுமில்லை என்றால் ஏன் தேய்த்தாள்? தன் மேலதிகாரியின் ஜீப்பில் பிரேக் சரியில்லை என்று அவருக்கே எழுத்தில் கொடுத்தவள். பொய் எழுதத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசிக்க வருகிறது. முனை உடம்பில் பட்டு அழுந்தினால் விளக்கு எரியும். எதிராளியின் கிண்ணத்தில் பட்டால் எரியக் கூடாது. பதினான்குக்குப் பதினான்கில் அவளுடைய முதல் வாளின் முனை வேலை செய்யவில்லை. உதிரி வாளை எடுத்தாள். அடுத்த தொடுகையே கடைசி. நான் இருந்த இடத்திலிருந்து விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரே கேள்வி. உங்கள் முனை எங்கே பட்டது?

இப்படிக்கு,
கேப்டனின் கணவன்

*

மார்ச் 11

கேப்டன் வீட்டுக்காரருக்கு,

உங்க லெட்டர் வந்துச்சு. படிச்சு முடிச்சதும் ஒரு பேஷன்டை அரை மணி நேரம் வாயைத் திறந்தபடியே உக்கார வச்சிட்டேன்.

ரிப்பேர் கடையில குடுக்கிற ரிப்போர்ட் மாதிரி எழுதியிருக்கீங்க. அதுக்கு நடுவுல பொடி வச்சு ஒரு கேள்வி. எங்க பட்டதுன்னா என்ன அர்த்தம்? நான் தப்பான பாயிண்ட்டை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன்னு தானே? நேரா கேளுங்க.

கேளுங்க, சொல்றேன். அவளுக்கும் எனக்கும் பதினோரு வருஷப் பழக்கம். உங்களுக்கும் அவளுக்கும் எத்தனை, நாலா? அவளைக் கொக்குன்னு கூப்பிடுவோம், தெரியுமா? நெடுநெடுன்னு நின்னுக்கிட்டு, அசையாம, நாம கையை நீட்டுற வரைக்கும் காத்திருப்பா. நீட்டினா போச்சு. நான் அவளுக்குக் குறடு. பிடிச்சா விடமாட்டேன்னு. நீங்க தேதி பாத்துக் கண்டுபிடிச்சீங்களாக்கும்.

அன்னிக்கு நடந்தது ஒண்ணுதான். உங்க பொண்டாட்டி எனக்குப் பிச்சை போட்டா. நான் கையைத் தூக்கினேன், அவ தூக்க விடல. அவ்வளவுதான் சொல்லுவேன். செத்துப் போனவளைப் பத்திக் குறை பேசக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லி வளத்திருக்காங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அதனால ஆரம்பிக்கல.

துக்கத்துக்கு வராதவ இவ்ளோ பேசுறாளேன்னு நினைப்பீங்க. நினைச்சுக்கங்க. வரல. ஏன்னு உங்ககிட்ட சொல்லணும்னு அவசியம் இல்ல.

இன்னொண்ணு. பதிமூணு வருஷமா ஜனங்க வாயைப் பாக்குறேன். இனிப்பே தின்ன மாட்டேன்னு சொல்றவன் பல்லுலயே தெரியும். உங்க லெட்டர்லயும் ஒரு சொத்தை இருக்கு. கிண்ணத்தைத் தேய்ச்சான்னு எழுதினீங்க. எதைத் தேய்ச்சான்னு எழுதல. துருவா? பெயின்டா? உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கேக்குறீங்க.

அதை முதல்ல சொல்லுங்க. பேசுற மாதிரி எழுதுங்க. போன் வேணாம், போன்ல நான் சண்டை போடுவேன்.

குறடு

*

மார்ச் 16

டாக்டர்,

பேசுற மாதிரி எழுதச் சொன்னீங்க. எனக்கு இப்ப அதிகம் பேச்சு வர்றதில்ல. ஆபீஸ்ல ரெண்டு வார்த்தை, பால்காரர்கிட்ட ஒரு வார்த்தை. முயற்சி பண்றேன்.

தேய்ச்சது வார்னிஷை. அடிச்சது நான்.

போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி அவ இன்னும் பயிற்சி முகாம்ல இருந்தா. உதிரி வாளை எடுத்துப் பாத்தேன், கிண்ணத்துக்கு உள்ள வியர்வை பட்டுத் துரு புள்ளி புள்ளியா இருந்துச்சு. அவளுக்கு நான் செய்யக்கூடியது இது ஒண்ணுதான். வாள் பிடிக்கத் தெரியாது, பாலம் கட்டத் தெரியாது. துருவை எடுத்துட்டு, ஆபீஸ்ல இருந்து கொண்டு வந்த ஸ்பிரே வார்னிஷை உள்பக்கம் அடிச்சேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு வந்துச்சு. பாக்க அழகா இருந்துச்சு. அதனால வெளிப்பக்கமும் அடிச்சேன்.

அந்த வார்னிஷை நாங்க எதுக்கு வச்சிருக்கோம் தெரியுமா? சர்க்யூட் மேல கரண்ட் புகாம இருக்க. டப்பாவுலயே எழுதியிருக்கு. என் வேலையே அடுத்தவங்க தராசும் மீட்டரும் சரியா காட்டுதான்னு பாத்து சான்றிதழ் குடுக்குறது. கிண்ணத்து மேல அதை அடிச்சா, முனை பட்டாலும் கிண்ணம் இருக்குன்னே மெஷினுக்குத் தெரியாது. உடம்புன்னு நினைச்சு விளக்கை எரிய வைக்கும். இது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பளபளப்பைப் பாத்தேன், அவ்வளவுதான்.

சரி, சோதனை மேசையில மாட்டியிருக்கணுமே. நூத்துப் பத்து வாள், பெரிய வரிசை. அவ வந்து ரெண்டு வாளையும் வச்சா. முதல் வாளுக்கு மீட்டர் வச்சேன். உதிரி வாளை எடுத்ததும் நேரா முத்திரை குத்தினேன்.

"என்ன சார், இதைச் சோதிக்க மாட்டீங்களா?"ன்னா.

"வீட்லயே பாத்தாச்சு, போங்க மேடம்"னேன்.

பின்னாடி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. நான் ரொம்ப சாமர்த்தியமா பேசிட்டதா நினைச்சேன்.

பையை இறக்கி அந்தத் தேய்ப்பைப் பாத்தப்பதான் வார்னிஷ் அடிச்ச ஞாபகமே வந்துச்சு. அதுவரைக்கும் மனசுல இல்ல.

உங்ககிட்ட கேட்ட கேள்விக்குப் பின்னாடி இருக்கிற கேள்வி இது. ஆட்டம் முடிஞ்சு கார்ல வீட்டுக்கு வந்தோம். ரெண்டரை மணி நேரம். அந்த ரெண்டரை மணி நேரமும் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். மணிக்கட்டைக் கிண்ணத்துக்கு வெளிய நீட்டிட்டே, அதான் அடி, பத்து வருஷமா ஆடுறே, இது கூடத் தெரியலையான்னு. மாவட்டப் போட்டியில கூட வாள் தொடாதவன் நான். அவ ஒரு வார்த்தை பதில் சொல்லல. சாயங்கால வெயில் அடிச்சுது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா.

அப்பவே அவளுக்குத் தெரியுமா? என் தப்புன்னு தெரிஞ்சே உக்காந்து கேட்டாளா? இல்ல, நிஜமாவே தன் மணிக்கட்டு தப்புன்னு நம்பி, பிறகு எப்பவோ கண்டுபிடிச்சுத் தேய்ச்சாளா? ரெண்டு மாசத்துல வெள்ளம் வந்துடுச்சு. என்கிட்ட எதுவும் சொல்லல. எனக்கு இது தெரிஞ்சாகணும். தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு, துணைக்கு வந்து இருக்கிற அம்மா கேக்குறாங்க. தெரியல.

வாள்வீச்சுச் சங்கத்துக்கு எழுதி முத்திரையைத் திருப்பிக் குடுக்கப் போறேன். அதுல உங்க வெற்றியும் அடிபடும். முன்கூட்டியே சொல்லிடுறேன்.

*

மார்ச் 29

தம்பி,

பத்து நாள் ஆச்சு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். கம்பவுண்டர் பொண்ணு "மேடம், லவ் லெட்டரா?"ன்னு கேட்டா. அவதான் உங்ககிட்ட எந்தப் பல்லுன்னு கேட்டவ. அவளுக்கு எல்லாமே பல்லுதான்.

உங்க கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். கிண்ணத்துல பட்டுச்சு.

எனக்கு அப்பவே தெரியும். நல்ல பல்லுல கருவி பட்டா ஒரு மாதிரி கைக்குத் தெரியும், சொத்தையில பட்டா வேற மாதிரி. உடம்புல பட்டா முனை மெத்துனு நிக்கும். இது டங்குனு உள்ளங்கை வரைக்கும் வந்துச்சு. திரும்பிப் பாத்தா என் விளக்கு எரியுது. ஜனங்க கத்துறாங்க.

என் தப்பையும் சொல்லிடுறேன். அவ வாள் மாத்தினதும் ரெஃப்ரி, "ரெண்டு பேரும் கிண்ணத்துல தொட்டுப் பாத்துக்கங்கம்மா"ன்னார். தொட்டிருந்தா அப்பவே விளக்கு எரிஞ்சு விஷயம் வெளிய வந்திருக்கும். நான்தான், "வேணாம் சார், ஆடலாம்"னேன். கை சூடா இருந்துச்சு, ஆறிடுமோன்னு பயம். எனக்கு முப்பத்தாறு வயசு. அடுத்த தேர்வுக்கு இந்த முட்டி இருக்குமான்னு தெரியாது. அவ நோட்டுல எழுதினது சரிதான். நடிப்புதான். உள்ளுக்குள்ள அவசரம்.

விளக்கு எரிஞ்சதும் நான் இடது கையைத் தூக்கினேன். "சார், ஒரு நிமிஷம்"னு சொல்ல வாயைத் திறந்தேன். சோதிச்சுப் பாத்தா அந்தப் பாயிண்ட் ரத்து. மறுபடி பதினாலுக்குப் பதினாலு. ஆனா கொக்கு அதுக்குள்ள மாஸ்க்கைக் கழட்டி, வாளைத் தூக்கி சலாம் போட்டு, நாலே எட்டுல வந்து என் கையைப் பிடிச்சிட்டா. பிடிச்ச கையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கிட்டு, காதுகிட்ட சொன்னா:

"விடு குறடு. வீட்டு விஷயம்."

அவ்வளவுதான். சலாம் போட்டு கை குடுத்தாச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது.

வீட்டு விஷயம்னா நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. குழந்தை பெத்துக்கப் போறா, இல்ல ஆட்டத்தையே விடப் போறா, அதான் இடத்தைக் கிழவிக்குக் குடுத்துட்டுப் போறான்னு நினைச்சேன். இரக்கம். பதினோரு வருஷத்துல நாங்க ஒருத்தருக்கொருத்தர் குடுக்காத ஒரே சாமான் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஆனா இடத்தை வேணாம்னும் சொல்லல. வெளிநாட்டுக்குப் போனேன், முதல் சுத்துலயே தோத்து வந்தேன். அங்க எடுத்த போட்டோவை கிளினிக்ல மாட்டியிருந்தேன்.

அவ நாலு தடவை போன் பண்ணினா. எடுக்கல. "கோபமா?"ன்னு மெசேஜ் அனுப்பினா. "போ"ன்னு ஒரே எழுத்து அனுப்பினேன். அதுக்கப்புறம் ஒன்பதாவது நாள் பேப்பர்ல பாத்தேன்.

அதனாலதான் வரல. அந்த வார்த்தையை அனுப்பிட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது?

இப்ப உங்க லெட்டரைப் படிச்சப்பதான் தெரியுது. அவ எனக்கு எதுவும் போடல. உங்க முத்திரையைக் காப்பாத்தியிருக்கா. நூறு பேர் முன்னாடி, "வீட்லயே பாத்தாச்சு"ன்னு நீங்க சொன்ன வாளை மறுபடி அதே மேசைக்கு எடுத்துட்டு வந்தா உங்க கதி என்ன? புதுசா மின்னுற கிண்ணத்துல பட்டு விளக்கு எரிஞ்சா, அதை யோசிக்க அவளுக்கு ரெண்டு செகண்ட் போதும். அவ எதிர்ல நின்னு ஆடினவ நான், எனக்குத் தெரியும்.

ஆக, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு. கார்ல ஏறும்போதே அவளுக்குத் தெரியும்.

சங்கத்துக்கு எழுதுங்க. நானும் எழுதுறேன். போட்டோவைக் கழட்டியாச்சு.

எனக்கு ஒண்ணு தெரியணும், விட்டுடாம பதில் போடுங்க. கார்ல முகத்தைத் திருப்பிக்கிட்டான்னு எழுதினீங்க. திருப்பிக்கிட்டு என்ன பண்ணினா? கொக்கு சும்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்கார்ற ஆள் இல்ல.

டாக்டர்னு எழுதாதீங்க. படிக்கும்போதே வாயைத் திறங்கன்னு சொல்லத் தோணுது. அக்கான்னு எழுதுங்க.

*

ஏப்ரல் 6

அக்கா,

உங்க லெட்டரை முதல்ல ஆபீஸ்ல வச்சுப் படிச்சேன். பிறகு ஒரு தராசை மூணு தடவை சோதிச்சேன், மூணு தடவையும் வேற வேற எடை காட்டுச்சு. தராசு சரியாத்தான் இருந்திருக்கு.

வீட்ல ஒரு சோதனை பண்ணிப் பாத்தேன். பழைய கிண்ணம் ஒண்ணை எடுத்து அதே டப்பா வார்னிஷை அடிச்சுக் காய வச்சேன். இருபது தடவை முனையால குத்தினேன். பதினேழு தடவை விளக்கு எரிஞ்சுது. பிறகு அவ தேய்ச்ச கிண்ணத்தை மாட்டி இருபது தடவை. ஒரு தடவை கூட எரியல. ஒழுங்கான வேலை.

சங்கத்துக்கு நேர்லயே போனேன். செயலாளர் அறையில ரெஃப்ரியும் இருந்தார். நான் எழுதினதைச் செயலாளர் ரெண்டு தடவை படிச்சார்.

"இப்ப எதுக்குப்பா இது?"ன்னார்.

"நடந்தது அதுதான் சார்."

"சலாம் போட்டு கை குடுத்தாச்சு. அதுக்கப்புறம் கடவுளே வந்து சாட்சி சொன்னாலும் பதினஞ்சுக்குப் பதினாலுதான். விதி உனக்குத் தெரியாதா?"

ரெஃப்ரி அவர் பங்குக்கு, "நான் தொட்டுப் பாக்கச் சொன்னேன். குறிப்பு இருக்கு"ன்னார்.

அப்ப செயலாளர் மேசை டிராயர்ல இருந்து இன்னொரு கவரை எடுத்தார். உங்க லெட்டர். "சோதிக்க வேணாம்னு சொன்னது நான்தான், தண்டனை இருந்தா எனக்கும் குடுங்க"ன்னு எழுதியிருந்தீங்களாமே. "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா? இந்தச் சங்கத்துல தப்பு பண்ணலைன்னு சண்டை போடத்தான் வருவாங்க"ன்னார்.

முத்திரையை வாங்கிக்கிட்டார். ஒரு வருஷம் மேசைப் பக்கம் வராதேன்னார். அதை எழுத்துல குடுங்கன்னேன். "தண்டனைக்குக் கடிதம் கேக்குற முதல் ஆளு நீதான்யா"ன்னுட்டு, எழுதிக் குடுத்தார். உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்.

வெளிய வந்து படியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மனசு லேசாகும்னு நினைச்சுப் போனேன். ஆகல. அந்தச் சலாமுக்கு மேல யாரும் எதுவும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சுதான் அவ போட்டிருக்கா. நானும் பண்ண முடியாது.

உங்க கேள்விக்கு வர்றேன். முதல் லெட்டர்லயே எழுதியிருக்கணும், எழுத முடியல. ஜன்னல் பக்கம் திரும்பினவ நெத்தியைக் கண்ணாடியில வச்சுக்கிட்டா. தோள் குலுங்கிக்கிட்டே இருந்துச்சு. சத்தமே இல்ல. ஒரு கையால வாயைப் பொத்தியிருந்தா. அழுறான்னு எனக்குத் தெரியும், அக்கா. தெரிஞ்சும் நான் நிறுத்தல. "அழுது என்ன ஆகப் போகுது, மணிக்கட்டைச் சரி பண்ணு"ன்னேன். அதைக் கேட்டதும் இன்னும் அதிகமா குலுங்குச்சு.

என் தப்புக்கு அவளை அழ வச்சிருக்கேன். அவளுக்கு அது தெரிஞ்சும் இருந்திருக்கு. இவ்வளவுதான் நான் கண்டுபிடிச்சது.

*

ஏப்ரல் 12

தம்பி,

லூசு.

அவ அழல. சிரிச்சிருக்கா.

நீங்க அவளை வீட்ல பாத்தவர். நான் அவளை மாஸ்க் போட்டபடி பாத்தவ. மாஸ்க்குக்குள்ள முகம் தெரியாது, தோளைத்தான் பாப்போம். எப்ப வருவா, எப்ப நிப்பா, எல்லாம் தோள்ல இருக்கு. அவளுக்குப் பொங்கிப் பொங்கி சிரிப்பு வந்தா சத்தம் போட மாட்டா. ராணுவத்துல சேந்த புதுசுல அணிவகுப்புல சிரிச்சு மாட்டிக்கிட்டாளாம், மைதானத்தைப் பத்துச் சுத்து ஓட விட்டாங்களாம். அன்னில இருந்து சத்தத்தை முழுங்கிடுவா. தோள் மட்டும் நிக்காது. ஒரு தடவை அரை இறுதியில என் பேண்ட் பின்பக்கம் தையல் விட்டுடுச்சு. அவ தோள் குலுங்கின குலுங்கல்ல வாள் முனையே நடுங்குச்சு. அந்த நடுக்கத்துல நான் மூணு பாயிண்ட் எடுத்தேன்.

அழுதா எப்படி இருக்கும்னும் தெரியும். ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன், அவ அப்பா தவறினப்ப. மரம் மாதிரி நின்னா. ஒரு தசை அசையல.

யோசிச்சுப் பாருங்க. வார்னிஷ் அடிச்சவன், முத்திரை குத்தினவன், வண்டியை ஓட்டிக்கிட்டு ரெண்டரை மணி நேரம் மணிக்கட்டைப் பத்தி வகுப்பு எடுக்குறான். அவ சொல்லவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. நீங்க வேற, அழுது என்ன ஆகப் போகுதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கே இங்க தாங்கல. பேஷன்டுக்கு ஊசி போடுற நேரத்துல ஞாபகம் வந்து, ஊசியைக் கீழ வச்சிட்டு உள்ள போய் நின்னுட்டு வந்தேன்.

ஆனா சும்மா உங்களைத் தேத்துறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பீங்க. நீங்க சோதிச்சுப் பாக்காம எதையும் நம்பாத ஆளு, அந்த ஒரு வாளைத் தவிர. அதனால கேக்குறேன். வீட்டுக்கு வந்ததும் அவ என்ன பண்ணினா? கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தாளா? அழுதவ அதைத்தான் பண்ணுவா. ஞாபகப்படுத்தி எழுதுங்க.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிட்டு வந்து, கூடத்துல நின்னு, ரொம்ப மரியாதையா கேட்டா: "அந்த மணிக்கட்டு எப்படி இருக்கணும்னு சொன்னே? எனக்குச் சரியா புரியல. காட்டு."

வாள் பை கார்லயே இருந்துச்சு. அதனால சமையலறையில இருந்து சாம்பார் கரண்டியை எடுத்து என் கையில குடுத்தா. நான் முட்டியை மடக்கி, கையை நீட்டி, கரண்டிக்குப் பின்னாடி மணிக்கட்டை வச்சுக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கீழயா?"ன்னா. கீழ வச்சேன். "அப்படியே இரு, நான் பாத்துக்கறேன்"னா. சுத்திச் சுத்தி வந்து பாத்தா. ஒரு நிமிஷம் வந்துடுறேன்னு உள்ள போனா, குக்கர் வைக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் அப்படியே நின்னுக்கிட்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். தொடை நடுங்க ஆரம்பிச்சுது. தன் தப்பு புரிஞ்சு திருந்திட்டான்னு நினைச்சேன், அக்கா. பெருமையா கூட இருந்துச்சு.

சாப்பிடும்போது ரெண்டு தடவை புரை ஏறிச்சு அவளுக்கு. தலையைத் தட்டி விட்டேன்.

நீங்க சொல்றது சரியான்னு என்னால சான்றிதழ் குடுக்க முடியாது. அளந்து பாக்குற விஷயம் இல்ல. குலுங்கின தோளும் ஒரு சாம்பார் கரண்டியும்தான் ஆதாரம். ஆனா நேத்து கரண்டியை எடுத்துக்கிட்டுக் கூடத்துல அதே இடத்துல அதே மாதிரி நின்னு பாத்தேன். அம்மா உள்ள வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. பிறகு திரும்பி வந்து, "பருப்பு கிண்டணுமா?"ன்னு கேட்டாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சத்தமாவே வந்துச்சு. அம்மா பயந்துட்டாங்க.

நோட்டை முதல் பக்கத்துல இருந்து திரும்ப எடுத்தேன். இதுவரைக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் ஒழுங்கா படிச்சிருந்தேன். "எதிரி: குறடு"ன்னு முப்பத்தோரு பக்கம் இருக்கு. ஒரு பக்கத்துல "பலவீனம்: புதுக் காலணி"ன்னு எழுதியிருக்கா. இன்னொண்ணுல "கருவிகளின் நிலை: குறட்டின் பேண்ட் தையல்"னு இருக்கு, அது எதுன்னு இப்பத் தெரியும். இன்னொரு இடத்துல ஓரமா பென்சில்ல, "பாலத்தில் தப்பு செய்தால் மற்றவர்கள் விழுவார்கள். இங்கே நான் மட்டும்தான். அதனால் இங்கே வருகிறேன்"னு இருக்கு. என்கிட்ட இதைச் சொன்னதே இல்ல. நான் கேட்டதும் இல்ல. ஏன் ஆடுறேன்னு ஒரு தடவை கூடக் கேட்காம நாலு வருஷம் வாளுக்கு ஸ்பிரிங் மாத்தியிருக்கேன்.

முதல் பக்கத்தை அப்படியே எழுதுறேன். "எதிரி: பல் மருத்துவம் படித்தவள், பெயர் சரியாகக் கேட்கவில்லை. பலம்: எல்லாம். பலவீனம்: தெரியவில்லை. முடிவு: 9-15. பாடம்: இவளோடு இனிமேல் சாப்பிடப் போகக் கூடாது."

அன்னிக்கு எங்க போனீங்க? என்ன சாப்பிட்டீங்க? என்ன ஆச்சுன்னு அவ இப்படி எழுதினா? அங்க இருந்து ஆரம்பிங்க, அக்கா. ஒண்ணையும் விடாம, வரிசையா.